எவடம் என்று கேட்காத வகுப்பு

பிள்ளைகளே, செவ்வாய்க்கிழமைகளில் அப்பா எங்கே போகிறார் என்று யாராவது கேட்டால் நீங்கள் "ஜெயிலுக்கு" என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிடுகிறீர்களாம். பின்வீட்டு மாமி போன கிழமை வந்து உங்கள் அம்மாவிடம் குரலைத் தாழ்த்தி விசாரித்துவிட்டுப் போனார். ஆகவே நடந்ததை முழுவதுமாக எழுதி வைக்கிறேன். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் திருத்துவதுதான் எனக்குத் தெரிந்த தொழில். அதைச் சிறையில் இருப்பவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க முடியுமா என்று கோவிலில் பூசை முடிந்து வரும்போது ஒருவர் கேட்டார். நான் உடனே ஓம் என்றேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. சிறு வயதில் நாங்கள் கடலுக்கு அக்கரையில், இந்தியப் பக்கம், அகதி முகாமில் இருந்தபோது, பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு சிறையின் நீண்ட மதில் இருந்தது. அந்த மதிலுக்குள் இருப்பவர்கள் பகல் முழுக்க என்னதான் செய்வார்கள் என்று நான் நாள்தோறும் யோசித்தபடி நடப்பேன். கேட்டால் ஒருவரும் சொல்லவில்லை. இத்தனை வருடம் கழித்து அந்தக் கேள்விக்கு ஒரு வாசல் திறக்கிறதே என்று நினைத்தேன்.

ஆனால் வாசல் நேரே திறக்கவில்லை. முதலில் பயிற்சி. மன்னார் நகரில் ஒரு மண்டபத்தில் சில பேர் கூடினோம். கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்ற சேர் ஒருவர், பக்கத்துத் தாராபுரத்திலிருந்து தையல் ரீச்சர் ஒருவர், நான், இன்னும் இரண்டு மூன்று பேர். எங்களைப் பழக்கியவர் பல வருடம் சிறைகளுக்குள் படிப்பித்த ஒரு அம்மா. மெலிந்த உருவம். கையில் எப்போதும் ஒரு பென்சில். யாராவது பிழை விட்டால் பென்சிலால் மேசையில் ஒரு தட்டு.

முதல் நாளே ஒரு விசயத்தை ஒளிக்காமல் சொன்னார். நான் போகவிருந்த சிறையில் எஞ்சின் வகுப்பு முன்பும் நடந்ததாம். படிப்பித்தவர் ஒரு கைதியின் ஊரைக் கேட்டு அறிந்துகொண்டு வெளியே வந்து கதைத்துவிட்டார். வகுப்பை மூடிவிட்டார்கள்.

"எஞ்சின் சாக்குக்குள்ள கிடக்குது. திரும்பத் திறக்கிறதுக்கு ஒரு சந்தர்ப்பம்தான் தந்திருக்கினம். இந்த முறையும் பிழைச்சால் அது அங்கயே துருப்பிடிச்சுப் போகும்" என்றார்.

பிறகு ஒரு கதிரையை நடுவில் போட்டு கணக்குச் சேரை இருத்தினார். சேர்தான் கைதி. நாங்கள் ஒவ்வொருவராகக் கதவைத் திறந்து வந்து பாடத்தைத் தொடங்க வேண்டும். தையல் ரீச்சர் முதலில் வந்தார். முக்காட்டைச் சரி செய்துகொண்டு, அன்பாகச் சிரித்து, "தம்பி, எவடம் நீங்கள்?" என்று ஊரைக் கேட்டார்.

பென்சில் தட்டியது. "முடிஞ்சுது. வெளியில போங்கோ."

"நான் இன்னும் ஊசியே எடுக்கேல்லயே மிஸ்!"

"எடுக்க முன்னமே குத்திப்போட்டீங்கள்."

அடுத்தது நான். எவடம் என்ற சொல்லைப் பல்லுக்குள் கடித்துக்கொண்டு உள்ளே போனேன். பிளக்கைப் பற்றிச் சொன்னேன், காபிறேற்றரைப் பற்றிச் சொன்னேன். நன்றாகத்தான் போனது. முடிவில் சேரின் தோளில் கை வைத்து, "நல்லா விளங்கிக்கொண்டீர். ஆற்ற மகன் நீர்?" என்று தகப்பனை விசாரித்துவிட்டேன்.

சேர் நடிப்பை விட்டுவிட்டார். "எனக்கு அறுபது தாண்டிட்டுது. என்ர அப்பரைத் தெரிஞ்ச ஆள் இந்தத் தீவில இப்ப ஆர் இருக்கினம்?"

எல்லோரும் சிரித்தோம். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

பிள்ளைகளே, நீங்களே யோசித்துப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்கு ஒருவர் வந்தால் எவடம் என்று கேட்போம். செத்த வீட்டிலும் கேட்போம். கடலில் இரண்டு படகு கிட்ட வந்தால் மீனைப் பற்றிக் கேட்பதற்கு முன்பு அதைத்தான் கேட்போம். கேட்காதவனைப் பெருமை பிடித்தவன் என்பார்கள். அதில் என்ன பிழை என்று நான் அந்த அம்மாவிடமே கேட்டேன்.

"ஊரைச் சொன்னால் ஆற்ற மகன் எண்டு தெரியும். அது தெரிஞ்சால் ஏன் உள்ள வந்தவர் எண்டு தெரியும். இஞ்ச எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். நீங்கள் பஸ்ஸால இறங்க முன்னம் அந்தத் தாயின்ர வாசலில கதை நிக்கும்" என்றார். பிறகு, "வந்து பார்க்காமல் விட்ட தகப்பன்மாரும் இருக்கினம். அந்தப் பிள்ளையிட்ட ஆற்ற மகன் எண்டு கேக்கலாமோ?" என்றார்.

சோதனைப் பாடம் சிறைக்குள்ளேயே நடந்தது. அம்மாவும் ஒரு சிறை அதிகாரியும் மூலையில் இருந்தார்கள். ஒரு பலகையில் ஒவ்வொரு ஸ்பானரின் உருவத்தையும் கறுப்பு மையால் வரைந்து, அதனதன் மேல் ஸ்பானரைக் கொழுவியிருந்தார்கள். ஒன்று குறைந்தால் அந்த இடத்தில் கறுப்பு உருவம் மட்டும் தெரியும். எங்கள் வேலைத்தலத்துக்கும் இப்படி ஒன்று செய்ய வேண்டும் என்று அந்தப் பதற்றத்திலும் நினைத்துக்கொண்டேன்.

சாக்கை எடுத்ததும் எஞ்சின் தெரிந்தது. எண்ணெயெல்லாம் வடித்து எடுத்த பழைய எஞ்சின். அதைச் சுற்றி ஆறேழு பேர் குந்தியிருந்தார்கள். பிளக்கிலிருந்து தொடங்கினேன். சற்று நேரத்தில் அகலமான தோள் உள்ள ஒருவர் என் முகத்தைப் பார்த்து, "அண்ணே, உங்க பேச்சுல எங்க பக்கத்து வாடை அடிக்குது. நீங்க எந்த ஊரு?" என்றார்.

பேச்சிலேயே தெரிந்தது, அக்கரை மீனவர். எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு வழக்கை எதிர்பார்த்திருப்பவராக இருக்க வேண்டும். அவருடைய பேச்சைக் கேட்டதும் எனக்கு முகாமின் தண்ணீர்க் குழாயடி நினைவுக்கு வந்தது. கேட்கக் கூடாது என்று பழகியிருந்தேன். என்னிடமே கேட்டால் என்ன செய்வது என்று நான் பழகியிருக்கவில்லை. மூலையில் பென்சில் மேசைக்கு மேலே தூக்கிய நிலையில் நின்றது.

"என்ர ஊரை விடுங்கோ" என்றேன். "இந்த எஞ்சின் எவடம் எண்டு சொல்லுங்கோ பாப்பம்."

எனக்கும் தெரியாது. உண்மையில் அறிய ஆசையாகத்தான் இருந்தது. எல்லோரும் கிட்ட நகர்ந்தார்கள். தண்ணீர் இழுக்கும் பம்பைக் கழற்றினோம். உள்ளே இறப்பர் சில்லு தேய்ந்து, சுற்றிவரக் கீறல் கீறலாக இருந்தது. "மணல் தின்னிருக்குது. ஆழமில்லாத கரையில ஓடினது" என்றார் ஒருவர். தண்ணீரைத் தள்ளும் விசிறியின் ஓரம் ஓரிடத்தில் கடிபட்டிருந்தது. "கல்லும் இருந்திருக்குது" என்றார் இன்னொருவர். விசிறியையும் கழற்றினேன். அதன் பின்னால் அச்சைச் சுற்றி வலை நூல் இறுகிக் கிடந்தது. பச்சை நூல்.

அதுவரை பேசாமல் இருந்த எங்கள் கரைப் பக்கத்து ஆள் ஒருவர் வாய் திறந்தார்.

"அது எங்கட வலை. அக்கரை ரோலர்ப் படகு வந்து இழுத்துக்கொண்டு போனால் அறுந்த வலை இப்பிடித்தான் கடலில மிதக்கும். பிறகு எங்கட எஞ்சினிலயே சுத்தும்."

"எங்க ஊர்லயும் பச்சை நூல்தாண்ணே" என்றார் அகலத் தோள்காரர்.

"ஓம் ஓம். கொண்டு போனது எங்கட நூல்தானே."

அதிகாரி எழுந்து நின்றார். ஊரைக் கேட்காதே என்றதற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது. எஞ்சினிடம் கேட்டாலும் ஊர் ஊர்தான். சாக்கு பக்கத்தில் கிடந்தது. அதை மறுபடி போட்டு மூடிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன்.

வேறு ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை. வேலைதான் தோன்றியது. வெளியே என்றால் கத்தியால் அறுத்து எடுப்போம். இங்கே கத்தி இல்லை. "இந்த நூலை ஒருத்தரால எடுக்க ஏலாது. ஒருத்தர் அச்சை மெல்லமாச் சுத்த வேணும். மற்றவர் நுனியைப் பிடிச்சு இழுக்க வேணும்" என்றேன். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. நூலின் நுனியை நகத்தால் கிளப்பியது எங்கள் பக்கத்து ஆள்தான். அவருடைய நூல் அல்லவா, விடுவாரா? அச்சைப் பிடித்தது அகலத் தோள்காரர். அவரும் விட்டுக்கொடுக்கிற ஆளாகத் தெரியவில்லை.

"மெல்லமாச் சுத்துமப்பா, அறுந்திடும்."

"மெதுவாத்தாண்ணே சுத்துறேன்."

"இதே மாதிரிக் கடலிலயும் மெதுவா வந்திருக்கலாமே."

ஒருவர் பக்கென்று சிரித்தார். அகலத் தோள்காரரும் தலையைக் குனிந்து சிரித்தார். ஆனால் கை நிற்கவில்லை. நூல் அறாமல், சுற்றுச் சுற்றாக வந்துகொண்டே இருந்தது. அதிகாரி மறுபடி உட்கார்ந்துவிட்டார். எஞ்சின் எந்த ஊர் என்பது கடைசி வரை முடிவாகவில்லை.

பாடம் முடிந்ததும் அம்மா வந்து கையை நீட்டினார். நூல் உள்ளே இருக்கக் கூடாத பொருள். எங்கள் பக்கத்து ஆள் அதை ஒரு கணம் விரலில் உருட்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். அம்மா அதைத் தன் பென்சிலில் சுற்றிக்கொண்டே வெளியே வந்தார்.

"ஊரைக் கேக்கேல்லை, எஞ்சினைக் கேட்டிருக்கிறீங்கள். கெட்டித்தனம்தான்" என்றார். "அடுத்த முறை எஞ்சினையும் கேக்காதேங்கோ."

"அடுத்த முறை இருக்கோ மிஸ்?"

"செவ்வாய்க்கிழமை வாங்கோ. எஞ்சினைத் திரும்பச் சாக்கால மூட வேண்டாமாம்."

இவ்வளவுதான் கதை. நீங்கள் இனிக் கேட்கப் போவது எனக்குத் தெரியும்: அவர்கள் யார், என்ன செய்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள் எங்கே. நான் மதிலடியில் நடந்தபோது கேட்ட கேள்வியில் ஒரு துண்டுக்குத்தான் பதில் தெரியும். செவ்வாய்க்கிழமைப் பகலில் என்ன செய்கிறார்கள் என்று சொல்வேன். ஒருவர் அச்சை நல்ல மெதுவாகச் சுற்றுவார். மற்றவருக்கு இறுகின முடிச்சையும் கிளப்புகிற நகம் இருக்கிறது. மாமி கேட்டாலும் அதையே சொல்லுங்கள்.