புதன்கிழமை மூன்று மணி

எந்த வண்டிக்கு எந்த டிரைவர், யாருக்கு என்றைக்கு ஓய்வு என்று பஸ் டிப்போவின் கரும்பலகையில் எழுதுகிறவள் அவள். அதனால் எல்லோருக்கும் சார்ட்டம்மா. பதினாறு வருடமாக இருநூறு பேருக்கு நேரம் பிரித்துக் கொடுத்தவளுக்குத் தனக்கென்று ஒரு மணி நேரம் எழுதிக்கொள்ளக் கை வரவில்லை.

உடம்பு எத்தனை நாள் பொறுக்கும்? முதலில் வயிறு பிடித்தது. அப்புறம் தூக்கத்தில் நறநறவென்று கடித்துக் கடைவாய்ப் பல்லில் ஒரு சில்லு பெயர்ந்தது. கடைசியில் டெலிபோன் மணி அடித்தாலே நெஞ்சு படபடத்து, ஒருநாள் நாற்காலியோடு சாய்ந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்துவிட்டு, "இதயம் கல்லு மாதிரி இருக்கும்மா, மனசுதான் தாங்கல" என்று மனநல ஆலோசகரிடம் அனுப்பினார்கள். வாராவாரம் புதன், மூன்று மணி. காத்திருக்கிற கூட்டம் பெரிது. தொடர்ந்து மூன்று வாரம் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள்.

முதல் புதன் போனாள். ஒரு மணி நேரம் பேசினாள், பாதி நேரம் அழுதாள். அன்றைக்குத்தான் பல் கடிக்காமல் தூங்கினாள்.

புருஷனின் அக்காவுக்கு விஷயம் எட்டியது. "பைத்தியத்துக்கு வைத்தியம்னு வெளியில சொல்லிடாதே, குடும்ப மானம் போயிடும்!"

சார்ட்டம்மாவும் பயந்து, அடுத்த புதனுக்குப் பலகையில் தன் பெயருக்கு நேரே, காரணக் கட்டத்தில் 'பல் வைத்தியம், 3 மணி' என்று எழுதினாள். மேனேஜர் பார்த்தார். "பல்லுதானே? சாயங்காலம் போங்க." அதற்கடுத்த புதனும் அதே பல், அதே சாயங்காலம். பொய் சொன்னவள் எந்த வாயால் மறுப்பாள்?

நான்காவது புதன் காலை. ஏற்கெனவே இரண்டு வாரம் போயாயிற்று. இன்றைக்கும் விட்டால் பெயர் போய்விடும். ஈரத்துணியால் பல்லை அழித்தாள். முழங்கையளவு எழுத்தில் எழுதினாள்: 'மனநல ஆலோசனை. 3 மணி. எல்லாப் புதனும்.'

பலகைக்கு முன்னால் கூட்டம் கூடிவிட்டது. மொட்டை டிரைவர் சிரித்தார். "என்னம்மா, கழண்டு போச்சா?"

"உங்க இருநூறு பேரைக் கட்டி மேய்க்கிறேனே அண்ணே, கழலாம என்ன செய்யும்? மாட்டிட்டு வரத்தான் போறேன்."

மேனேஜர் ஓடி வந்தார். "இதையெல்லாமா போர்டுல எழுதுவாங்க? அழிங்கம்மா!"

"பல்லுன்னு எழுதினேன், சாயங்காலம் போன்னீங்க. இப்ப உள்ளதை எழுதியிருக்கேன் சார்."

"மூணு மணிக்கு ஷிப்ட் மாறும். யாரு பாக்கறது?"

"நீங்கதான். நான் சாஞ்சு கிடந்த அன்னைக்கு எந்த வண்டி நின்னுச்சு?"

இரண்டரைக்கு நாத்தனார் போனில் கத்தினாள். "ஊரே பேசுது! அழிச்சுட்டியா இல்லையா?"

நெஞ்சு படபடக்கத்தான் செய்தது. "அழிக்கல அண்ணி. பேசறவங்க பேசட்டும், எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று போனை வைத்துவிட்டுப் பையை எடுத்தாள். மேனேஜர் சாக்பீஸோடு பலகையடியில் நின்றார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வழியெல்லாம் நெரிசல். ஆஸ்பத்திரிப் படியேறி மூச்சு வாங்க நின்றபோது, பதிவேட்டுக்காரர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். "மூணு பத்து ஆச்சேம்மா."

"அடிச்சிடாதீங்க சார். பத்து நிமிஷம் போனா போகட்டும், மிச்சம் அம்பது என்னுது" என்று சொல்லிக்கொண்டே ஆலோசகரின் கதவைத் தட்டினாள்.