ஸ்டோரில் நான்கு பம்ப்

புதிதாக வேலைக்கு வரும் நர்ஸ் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் ஒரு திருடி. கள்ளக்குறிச்சியில் ஒரு ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் இன்சார்ஜ் சிஸ்டராக இருந்தபோது ஒரு சிரிஞ்ச் பம்பைத் திருடினேன்.

1. டேக் வந்த கதை

சிரிஞ்ச் பம்ப் என்பது மருந்தை அளவு பிசகாமல் மெல்ல மெல்ல ஏற்றும் மெஷின். எந்த வார்டுக்கும் போதாது. வேலை முடிந்ததும் ஸ்டோருக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது ரூல். அனுப்பினால், நமக்கு வேண்டும்போது அது பெண்கள் வார்டு சிஸ்டர் எமிலியிடம் இருக்கும். அதனால் எல்லாருமே ஒளித்து வைப்போம். அதைப் பிடிக்கத்தான் ஆர்.எஃப்.ஐ.டி. வந்தது. மெஷினுக்கு மெஷின் ஒரு டேக், வாசலுக்கு வாசல் ஒரு ரீடர். எது எங்கே இருக்கிறதென்று ஸ்கிரீன் சொல்லிவிடும்.

மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன் சேகருக்கு ஏகப்பட்ட பெருமை. "இனிமே உங்க வேலையெல்லாம் நடக்காதுக்கா. பீரோல வெச்சாலும் காட்டிக் குடுத்துரும்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்று மதியமே எங்கள் வார்டு பம்ப் ஒன்றிலிருந்து டேக்கை மட்டும் நைசாக உரித்து, பஞ்சு வாங்கும் சாக்கில் ஸ்டோருக்குப் போய், மர அலமாரித் தட்டின் அடியில் ஒட்டிவிட்டு வந்தேன். ஸ்கிரீனில் பம்ப் ஸ்டோரில். நிஜத்தில் என் பீரோவில், பெட்ஷீட்டுக்குள். அடையாளத்துக்கு ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டும் வைத்தேன். ஸ்டோர்காரர் ஸ்கிரீனைத்தான் பார்ப்பார், அலமாரியைப் பார்க்க மாட்டார்.

2. தேள்

ஒரு காலையில் கல்வராயன் மலையிலிருந்து ஏழு வயது மகளைத் தூக்கிக்கொண்டு ஒரு அம்மா வந்தாள். குழந்தையைத் தேள் கொட்டியிருந்தது. உடம்பு சில்லிட்டு, மூச்சு இரைத்தது. இதயம் சோர்கிறது, உடனே பம்பில் மருந்து ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர். வார்டில் இருந்த இரண்டு பம்பும் வேறு குழந்தைகளுக்கு ஓடிக்கொண்டிருந்தன. எனக்கென்ன கவலை? பீரோவைத் திறந்தேன். பெட்ஷீட் இருந்தது. பம்ப் இல்லை.

டேக் இல்லாத மெஷினை யார் தூக்கிப்போனாலும் எந்த ரீடருக்கும் தெரியாது. திருடியிடமே திருடிவிட்டார்கள்!

"ஏன் சிஸ்டர் நிக்கிறீங்க? ஸ்டோர்ல நாலு பம்ப் சும்மா இருக்குதுன்னு ஸ்கிரீன்ல காட்டுதே!" என்றார் டாக்டர். சேகர் ஓடினான். நான் பாட்டிலில் மருந்தைக் கலந்து மாட்டி, வாட்ச்சைப் பார்த்துச் சொட்டுகளை எண்ணினேன்.

சேகர் திரும்பி வந்தபோது கையில் நான்கு டேக்குகள்தான் இருந்தன. "பம்ப் ஒண்ணுகூட இல்லக்கா. இதுங்கதான் தட்டுக்கு அடியில ஒட்டிக்கினு இருந்துது."

நான்கு! நான் ஒருத்திதான் கெட்டிக்காரி என்றல்லவா நினைத்திருந்தேன்.

குழந்தையின் உதடு நீலம் பாரித்தது. மானம் போனால் போகட்டும் என்று இண்டர்காமை எடுத்து எல்லா வார்டுக்கும் சொன்னேன். "ஸ்டோர் தட்டுக்கு அடியில நாலு டேக் கெடச்சிருக்கு. அதுல ஒண்ணு நான் ஒட்டுனது. என் பீரோல இருந்த பம்ப எடுத்தது யாருன்னு கேக்க மாட்டேன், திட்டவும் மாட்டேன். கொண்டாந்துடுங்க. கொழந்த உசுரு!"

எமிலி பம்பை அணைத்துக்கொண்டு ஓடி வந்தாள். "டேக் இல்லியே, யாரு கேக்கப்போறாங்கன்னு எடுத்துக்கினு போய்ட்டேன்" என்று அழுதாள். பம்பின் மேல் என் பொட்டு அப்படியே இருந்தது. பக்கத்தில் பேனாவால் ஒரு சிலுவை போட்டிருந்தாள்.

3. கடப்பாறை

குழந்தை பிழைத்தது. வீட்டுக்குப் போகும் நாளில் அந்த அம்மா என் கையைப் பிடித்துக் கும்பிட்டாள். எனக்குக் கூசிற்று. நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அதற்கு அவள் சொன்னாள்:

"எங்க ஊர்லயும் கடப்பாற ஒண்ணுதான் சிஸ்டர். யாரு வேணா எடுத்துக்கினு போவாங்க. ஆனா எடுக்கசொல்ல ஒரு கொரல் குடுத்துட்டுப் போவாங்க. இது இன்னா பெரிய வேலையா?"

மற்ற வார்டுகளும் ஒளித்ததை வெளியே எடுக்க, டேக்குகளைத் திரும்ப அதனதன் பம்பில் ஒட்டினோம். ஸ்டோர் நிஜமாகவே காலி என்று மேலிடத்துக்குத் தெரிந்ததும் புதிதாக இரண்டு பம்ப் வந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கை துறுதுறுத்தது உண்மை. ஆனால் ரிட்டையர் ஆகும்வரை, எதைத் தூக்கினாலும் முதலில் இண்டர்காமில் கத்துவேன்: "எமிலி, எடுத்துக்கினேன்டீ!"