ரப்பர் துண்டும் ஊதா மருந்தும்

அந்த ரப்பர் துண்டு தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டு அடுப்படியில், விறகுக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கும். கையில் எடுத்தால் வழவழவென்று இருக்கும். மூக்கருகே கொண்டுபோனால் புளித்த நெடி. ஆலையில் மெல்லிசாக உருட்டியெடுத்த ரப்பரில் கழித்துப்போட்ட ஓரத்தை என் மாமியார் வெட்டிக்கொண்டு வந்திருந்தார். அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். வீட்டுக்குத் தூரமான நாட்களில் தீட்டுத்துணிக்கு அடியில் அதை வைத்துக் கட்டிக்கொண்டால் போதும். விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்ததிலிருந்து, ரப்பர் மரத்துப் பட்டை வெட்டிப் பால் சுமந்து திரும்பும்வரை சேலையில் ஒரு சொட்டுக் கறை தெரியாது. அத்தையும் அதைத்தான் கட்டுவார்; கோத்தா திங்கிப் பக்கத்து எங்கள் ரப்பர் தோட்டத்தில் பாதிப் பெண்கள் அவர் சொல்லித்தான் அப்படிக் கட்டினார்கள். அத்தை மூளையே மூளை என்று நானே பெருமையடித்திருக்கிறேன். இப்போது கடையில் வகைவகையாகப் பொட்டலங்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள்; எதை எடுப்பது என்று பெண்பிள்ளைகள் நின்று யோசிக்கிறார்கள். எங்களுக்கு யோசிக்க என்ன இருந்தது? கிழிந்த வேட்டி, கிழிந்த சேலை, அதற்கடியில் இந்தத் துண்டு.

கல்யாணமான மறு வருஷம் எனக்கு அரிப்பு தொடங்கியது. இதைச் சொல்ல இந்த வயதில் என்ன வெட்கம்? மரத்தடியில் குனிந்து நிற்கும்போது கத்தியைப் போட்டுவிட்டு எங்காவது ஓடிவிடலாம் போலிருக்கும். திரிந்த பாலைப்போல வெள்ளை வேறு பட்டது. உடம்புச் சூடு என்று அத்தை வெந்தயத்தை ஊறவைத்துக் கொடுத்தார். அடங்கவில்லை. புருஷன் பக்கத்தில் படுக்காமல் நான் ஒதுங்குவதைக் கவனித்த பிறகு அத்தையின் பேச்சே மாறிவிட்டது.

"இது கெட்ட சீக்குடி. எவன்கிட்டேருந்து கொண்டாந்தே? பொங்கலுக்குள்ள சரியாவலன்னா காஹாங்குக்கு, ஒங்கம்மா வீட்டுக்கே போயிரு. எம் மவனுக்கு ஒட்டவிட மாட்டேன்."

அந்த மகன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். கெட்ட சீக்கு என்ற பேரோடு தாய்வீட்டுக்குப் போனால் அங்கே யார் வாசலைத் திறப்பார்கள்?

அழுதேன்தான். ஆனால் அழுதுகொண்டே யோசிக்கிற பிறவி நான். ஏன் எதற்கு என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அடைமழை பிடித்து மரம் வெட்டு நின்றிருந்தபோது தூரமானேன். வீட்டிலேயே கிடந்ததால் ரப்பரை விட்டுவிட்டுத் துணி மட்டும் கட்டினேன். அரிப்பு பாதியாகக் குறைந்தது! மழை விட்டது, வேலைக்குப் போனேன், மறுபடி ரப்பரைக் கட்டினேன், மறுபடியும் பிடித்துக்கொண்டது. அட, இதுவா சங்கதி என்று எனக்கு ஒரே பரபரப்பு.

தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் ஆண்பிள்ளை, அவரிடம் எப்படிச் சொல்வது? சாமான் வாங்கப் போகிறேன் என்று சொல்லி லாரியில் ஏறி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்ஸை நாங்கள் மிஸ்ஸி என்போம். அங்கே இருந்தவர் தமிழ்க் கிறிஸ்தவ மிஸ்ஸி, சிரித்த முகம். சோதித்துப் பார்த்துவிட்டு, "என்னத்தக் கட்டுறே?" என்று கேட்டார். கையோடு கொண்டுபோயிருந்த ரப்பரை எடுத்துக் காட்டினேன். வாங்கி இழுத்துப் பார்த்தார்.

"அலமாக்! அடக் கடவுளே, காத்தே போவாம இப்படியா கட்டி வைப்பாங்க?"

"கெட்ட சீக்கா மிஸ்ஸி?"

"சேச்சே. இது காளான் மாதிரி ஒண்ணும்மா. ஈரமும் புழுக்கமும் இருந்தா தானா மொளைக்கும். யார்கிட்டேருந்தும் வாங்கிட்டு வரணும்னு இல்ல."

அங்கேயே ஊதா மருந்தைத் தடவிவிட்டு, ஒரு சின்னச் சீசாவிலும் ஊற்றிக் கொடுத்தார். மருந்து போடும்போதே தூரமாகிவிட்டால் எதைக் கட்டுவது என்று கேட்டேன். "பருத்தித்துணிதான். ஊதாக் கறை பட்டாப் படட்டும். கொதிக்க வச்சு நல்லா வெயில்ல காயப் போடு, நனைஞ்சா ஒடனே மாத்து" என்றார்.

அவர் சொல்லிவிட்டார், செய்கிறவளுக்கல்லவா தெரியும்! தீட்டுத்துணியை வெயிலில் போட்டால் ஆண்கள் கண்ணில் படும். பாம்பு அதன்மேல் ஊர்ந்தால் பிள்ளை தங்காது என்றும் பயமுறுத்துவார்கள். நான் வாழைக்குப் பின்னால் ஒரு கொடி கட்டினேன். மாற்றுத்துணியை மடியில் செருகிக்கொண்டு போய்க் காட்டோரம் மாற்றினேன். அப்படியும் ஒருநாள் பெரட்டில் நிற்கும்போது கறை பட்டுவிட்டது. வெட்கத்தில் செத்துப் பிழைத்தேன்.

"நான் குடுத்தத வீசிட்டு மானத்த வாங்குறியேடி!" என்று அத்தை கத்தினார்.

"மானம் போனாப் போவுது, அரிப்புப் போவட்டும்! இது யார்கிட்டேயும் வாங்குற சீக்கு இல்லன்னு மிஸ்ஸியே சொல்லிருச்சு" என்று நானும் கத்தினேன். அத்தை என்னையே உற்றுப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பொங்கலுக்கு முன்பே அரிப்பு ஓடிப்போனது. காஹாங் பேச்சை யாரும் எடுக்கவில்லை. பண்டிகை கழிந்து ஒரு மத்தியானம் வாழைக்குப் பின்னால் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அத்தை வந்து சுற்றுமுற்றும் பார்த்தார்.

"அந்த ஊதாத் தண்ணி மிச்சம் இருக்காடி?"

"யாருக்கு அத்தை?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐயோ, அத்தைக்கும் இதே அரிப்பா, இத்தனை காலமாகவா!

"யார்கிட்டேருந்தும் வர்றதில்லன்னு மிஸ்ஸி நெசமாவே சொன்னிச்சா?"

"சத்தியமா அத்தை."

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "ஒங்க மாமா எங்கேயோ போய்க் கொண்டாந்து எனக்குக் குடுத்துட்டாருன்னு நெனச்சேன்டி. அந்த மனுசன் சாவுற வரைக்கும் நான் மொகங்குடுத்துப் பேசல."