கேக்கில் திமிங்கிலத்தின் பங்கு

பூமியை வடக்கு முனையில் பிடித்துச் சுற்றிவிடுவது ஓட்லேக்தான். அவள் காப்பி குடிக்க உட்கார்ந்தால் அன்றைக்குச் சூரியன் எழாது. அவள் கதவைத் திறந்து வெளியே வந்தால் பேரண்ட்ஸ் கடலிலுள்ள அத்தனை திமிங்கிலங்களும் வரிசையில் நின்று, இன்றைக்கு என்ன சாப்பிடலாம் என்று கேட்கும்.

வடகோடியிலுள்ள எங்கள் வராங்கர் கரையில் குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியன் எழுவதில்லை என்பது உண்மை. ஆனால் பழியை அவள்மேல் போட முடியாது. அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

வயது ஐம்பத்தெட்டு. சொந்தமாக ஒரு சின்னப் படகு வைத்துக் காட் மீன் பிடிக்கிறாள். நின்றபடியே சாப்பிடுவாள். போனில் பேசினால் படகுத்துறையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்துவிடுவாள். ஊர் மீனவர் சங்கத்துக்கு அவள் தலைவியானதும் ஆசையினால் அல்ல. முந்தைய தலைவர் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் அவளுக்குக் கால் அரித்தது.

போன கோடையில் அவளுடைய அவசரம் இன்னும் கூடியது. அவள் வீட்டுக் கடல்பக்க ஜன்னல் விளிம்புகளில் கிரிக்யே என்கிற சின்னக் கடற்காகங்கள் வருஷா வருஷம் கூடு கட்டும், நாள் முழுக்கத் தம் பெயரையே கத்தும், சுவரெல்லாம் வெள்ளையடிக்கும். அந்தக் கோடையில் குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. பறக்கப் பார்த்து விழவில்லை, பட்டினியில் விழுந்தன. அதே வீட்டில் இருக்கும் பேத்தி எழுந்திருப்பதற்கு முன்னால் ஓட்லேக் வாளியோடு வந்து அவற்றைப் பொறுக்கிப் போய்விடுவாள். கீழ்வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும்.

இலையுதிர்காலத்தில் ஜன்னல்களுக்கு ஆணி வைத்து வலை அடித்தாள்.

"எச்சம் கழுவி கழுவி இடுப்பு போச்சு," என்று ஊரெல்லாம் சொன்னாள். ஊர் நம்பியது.

சங்கத்தின் கூட்டம் அதே மாதம்தான் வந்தது. விஷயம் லோடே மீன். விரல் நீளம்தான் இருக்கும். காட் அதைத் தின்னும், திமிங்கிலம் தின்னும், கடற்காகம் குஞ்சுக்கு ஊட்டும், மனிதனும் பிடிப்பான். அந்த வருஷம் கடலில் கணக்கெடுக்கப் போன கப்பல், லோடே குறைந்துவிட்டது, இந்தக் குளிர்காலம் விட்டுவிடுங்கள் என்று சொல்லியிருந்தது. அதற்குத் தலையாட்டுவதா, பிடித்தே தீருவோம் என்று மேலிடத்துக்கு எழுதுவதா என்று ஊர் முடிவு செய்ய வேண்டும்.

ஓட்லேக்கின் மருமகன் துரோண்ட் மீன் ஆலையில் வேலை பார்த்தான். லோடே வராவிட்டால் குளிர்காலத்தில் அவனுக்கு வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் மகள், மருமகன், இரண்டு வயதுப் பேத்தி மூவரும் தெற்கே கிளம்பிவிடுவார்கள். வாடகைக்கு வீடுகூடப் பார்த்து வைத்திருந்தார்கள்.

"அம்மா, கையத் தூக்கறதுக்கு முன்னாடி எங்கள ஒரு தரம் நெனச்சுக்கோ," என்றாள் மகள் சுன்னிவா, காரில்.

"உங்கள நெனச்சு நெனச்சுத்தான்டி எனக்குத் தூக்கமே போச்சு."

கூட்டத்தில் பேச்சு சுற்றிச் சுற்றி வந்தது.

"திமிங்கிலம் என்ன வரியா கட்டுது, அதுக்குப் பங்கு ஒதுக்க?" என்றார் ஐலிஃப். ஓட்லேக்கோடு பள்ளியில் படித்தவர், இன்னும் அவளோடு சண்டையை முடிக்காதவர்.

"நீ மட்டும் கட்டறியாக்கும்," என்றாள் அவள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருக்கவில்லை. "நேத்து நான் அறுத்த காட் வயித்துல லோடே இல்ல. அதோட குஞ்சுதான் கெடந்துச்சு. தின்ன எதுவும் கெடைக்காம தன் பிள்ளையவே தின்னிருக்கு. இப்ப வழிச்சு எடுத்துட்டா, அஞ்சு வருஷம் கழிச்சு நீ எதப் பிடிப்ப?"

"அஞ்சு வருஷம் கழிச்சு பிடிக்க இங்க யாரு இருப்பா?" என்றார் ஐலிஃப்.

நின்றபடியே பேசிய ஓட்லேக் ஜன்னலுக்குப் போனாள், திரும்பி வந்தாள், மறுபடி ஜன்னலுக்குப் போனாள்.

அப்போதுதான் துரோண்ட் கேக் வெட்டக் கத்தியை எடுத்தான். எங்கள் ஊரில் கேக் இல்லாமல் கூட்டம் இல்லை.

"இது காட் மீனுக்கு," என்று ஒரு பெரிய துண்டை வெட்டித் தட்டில் வைத்தான். "இது திமிங்கிலத்துக்கு. பெரிய உடம்பு, ரெண்டு துண்டு வெச்சுக்கட்டும். இது கடல்நாய்க்கு. இது அத்தை வீட்டு ஜன்னல் பறவைக்கு." கடைசியில் நூல் பருமனில் ஒரு சீவல் மிஞ்சியது. "இது என் பொண்ணுக்கு. அத்தை, உங்களுக்கு எதுவும் மிஞ்சல."

அறை குலுங்கச் சிரித்தது. ஓட்லேக் கத்தியை வாங்கி, அதில் ஒட்டியிருந்த கிரீமை நக்கினாள். "எனக்கு இது போதும்," என்றாள்.

கைகள் சரிபாதியாக நின்றன. தலைவியின் கைதான் பாக்கி. அவள் மகளைப் பார்க்கவில்லை. மீனைக் கடலிலேயே விடலாம் என்ற பக்கம் கையைத் தூக்கினாள், அதே வேகத்தில் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

வீட்டுக்கு நடந்துதான் போனாள். வீட்டைத் தாண்டியும் நடந்தாள்.

வாடகை வீட்டுக்கு யாரும் போகவில்லை. ஆனால் துரோண்ட் தெற்கே ஒரு சால்மன் மீன் பண்ணையில் சேர்ந்தான். இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் இங்கே. இங்கே இருந்த வாரங்களில் மாமியாரோடு பேசவில்லை. சுன்னிவா பேசினாள், உப்பு எங்கே, குழந்தையின் செருப்பு எங்கே என்கிற அளவுக்கு. ஓட்லேக் இருட்டுக்காலம் முழுக்க ஒரே படகுத் தளத்தை மூன்று தரம் சுரண்டிப் பெயின்ட் அடித்தாள்.

மார்ச் மாதம் ஒரு புயல் வந்தது. ஜன்னல் வலைகளைக் காற்று பிய்த்துக்கொண்டு போனது. அடுத்த வாரம் கடற்காகங்கள் வந்து பழைய இடங்களில் உட்கார்ந்து கத்த ஆரம்பித்தன. ஓட்லேக் புது வலை வாங்கவில்லை.

ஏப்ரலில் கடலில் இருந்த கொஞ்சம் லோடே கரையோரம் முட்டையிட வந்தது. அதன் பின்னாலேயே காட் வந்தது. ஓட்லேக்குக்குத் துணைக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. துரோண்ட் தானாகவே படகில் ஏறினான். இழுத்துப் போட்ட முதல் பெரிய காட், தளத்தில் விழுந்ததும் பத்துப் பன்னிரண்டு லோடேயைக் கக்கியது. துரோண்ட் குனிந்து ஒன்றை வாலைப் பிடித்துத் தூக்கினான்.

"அத்தை, என் கேக்க இந்தப் பெருசுதான் தின்னிருக்கு."

"அப்ப அத அறு. உள்ள இருக்கறதெல்லாம் உன்னுது."

அவன் சிரித்துவிட்டான். பண்ணை வேலையை விடவில்லை; ஆனால் இங்கே இருக்கும் வாரங்களில் படகுக்கு வருகிறான். அடுத்த இலையுதிர்காலத்தில் மறுபடி கூட்டம், மறுபடி கேக். என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியாது.

இதை ஊர்ப் பத்திரிகைக்குக் கொடுப்பதற்கு முன்னால் அவளிடம் காட்டினால்தான் மரியாதை. இதை எழுதிய கீழ்வீட்டுப் பையனே கொண்டுபோய் நீட்டினான். அவள் நடந்துகொண்டே படித்தாள்.

"இதுல ஒரு பொய் இருக்கு."

"சூரியன் விஷயமா?"

"அது இருந்துட்டுப் போகட்டும். வலையக் காத்து கொண்டுபோச்சுன்னு எழுதியிருக்க."

"அன்னிக்கு அடிச்ச காத்து அப்படி..."

"காத்து ஆணியப் பிடுங்கும்டா, ஒத்துக்கறேன். பிடுங்குன ஆணியெல்லாம் ஜாம் பாட்டில்ல போட்டு, மூடி, என் வாசப்படியில வெச்சுட்டுப் போகுமா?"

பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, பதில் வரும்வரை நேரம் இருக்கிறது என்பதுபோல, உட்கார்ந்தாள்.