ஆறடியார் விழாத படம்

எந்த நாற்காலியானாலும் ஆறடியார் உட்காரும் முன் இரண்டு தட்டுத் தட்டி, அதன் ஒரு காலைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். சொந்த மருமகன் வீட்டுச் சோபாவுக்கும் இதே சோதனைதான். "கோவிச்சுக்காதீங்க மாப்பிள்ளை, தொழில் பழக்கம்" என்பார். முப்பது வருஷமாகச் சினிமாவில் அவருக்குப் போட்ட நாற்காலிகளெல்லாம் உடைவதற்கென்றே செய்தவை.

மூன்றரை அடி உயரம். ஆறடியார் என்பது சினிமாக்காரர்கள் கேலியாக வைத்த பெயர். கடைத்தெருவிலும் அதுவே நிலைத்துவிட்டது. இப்போது பைகளுக்கு ஜிப் மாற்றித் தரும் கடை வைத்திருக்கிறார். கை வேலையில் இருக்கும். வாய் பழைய படங்களில் இருக்கும். படங்களின் பெயர் ஒன்றும் நினைவில்லை, எதில் விழுந்தார் என்பதுதான் அடையாளம். "அது மாவு மூட்டைப் படம். தண்ணித் தொட்டி அதுக்கு அடுத்த வருஷம்."

ஒரே ஒரு படத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் ஜிப்பைக் கீழே வைத்துவிடுவார். பதினேழு வருஷத்துக்கு முந்தையது. ஐந்து குட்டிக் கதைகள் சேர்ந்த படம். எல்லாமே கனவில் வருவதுபோல் ஏறுக்குமாறாக நடக்கும். கூட்டத்தோடு கூட்டமாக நின்றே காலம் தள்ளிய கறுத்த அம்மாள் ஒருத்தி, அதில் அலமாரிக்குள்ளிருந்து விமானம் ஓட்டினாள். திக்குவாய்க்காரர் ஒருவர் வானொலியில் செய்தி வாசிக்க, கடல் அலையை நிறுத்திவிட்டுக் கேட்டது. ஆறடியாருக்கு, உள்ளே மட்டும் மழை பெய்யும் ஒரு வீட்டில் கணவன் வேடம். வெறும் கணவன்.

முதல் காட்சியில், வேலை முடிந்து கதவைத் திறந்து உள்ளே வர வேண்டும். வந்தார். வாசற்படியில் தடுக்கி, குட்டிக்கரணம் போட்டு, ஒரு செருப்பைப் பறக்கவிட்டு விழுந்தார். யாரும் சிரிக்கவில்லை.

"ஏன் சார் விழுந்தீங்க?" என்றாள் டைரக்டர், மகள் வயதுப் பெண்.

"விழ வேணாமா?"

"வேணாம் சார். வீட்டுக்கு வாங்க, போதும்."

"அப்ப நான் குள்ளமா இருக்கிறது எதுக்கும்மா?"

"எதுக்கும் இல்ல. கனவுல யாரும் யாரையும் நீ ஏன் இப்படி இருக்கேன்னு கேக்கிறதில்லையே."

சும்மா நடந்து வருவதற்கு அவருக்கு ஒன்பது டேக் ஆனது. பாழாய்ப்போன கால் தானாகவே தடுக்கியது. அந்தப் பதினோரு நாள் படப்பிடிப்பைப் பற்றி அவர் சொல்லும்போது கேட்பவருக்குப் பொறாமை வரும். குழாய் மழையில் நனைந்து ஆளாளுக்கு ஜலதோஷம். விமானி அம்மாளும் செய்தி வாசிப்பவரும் அவரும் ஒரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு டீ குடித்தார்களாம். "எங்களை ஒருத்தனும் ஒரு மாதிரியா பாக்கல. அந்த மாதிரி டீ அப்புறம் கிடைக்கல."

அந்தப் படத்தை அவர் மனைவி பார்க்கவில்லை. கல்யாணமான புதிதில் ஒரு படத்துக்குக் கூட்டிப்போனார். மாடிப்படியில் அவர் உருண்டபோது அரங்கமே சிரித்தது. அவள் பாதியிலேயே எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். "இதுல விழலை" என்று பொய் சொல்லி இன்னொரு படத்துக்கு அழைத்துப்போனார். அதோடு சரி. நிஜமாகவே விழாத படம் வந்தபோது அவர் பேச்சு எடுபடவில்லை. கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைப்பதற்குள் படம் தியேட்டரை விட்டே போய்விட்டது. "அவ ஒரே ஒரு தடவை பாத்துட்டா போதும்" என்று பதினேழு வருஷமாக ஏங்கிக்கொண்டிருந்தார் மனிதர்.

போன மாதம் ஒரு திரைப்படச் சங்கத்தார் அந்தப் படத்தைத் தேடிப்பிடித்து, ஞாயிறு மாலை திரையிட்டார்கள்.

"விழலைதானே?"

"சத்தியமா இல்ல."

"உங்க சத்தியம் எனக்குத் தெரியாதா" என்றபடியே செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அவருடைய கதை மூன்றாவதாக வந்தது. திரையில் கதவு திறந்தது, வாசற்படி தெரிந்தது. இருட்டில் அவள் கை பாய்ந்து வந்து, பக்கத்திலிருந்த அவர் கையைப் பற்றியது. விழப்போகிறவரைத் தாங்குகிற இறுக்கமான பிடி. திரையில் அவர் படியைத் தாண்டி உள்ளே வந்தார். பையை ஆணியில் மாட்டினார். மழையில் மனைவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, இன்றைக்கு என்ன செய்தாய் என்று கேட்டார்.

பிடி மெல்லத் தளர்ந்தது. அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, தான் கசக்கிவிட்ட சட்டைக் கையை உள்ளங்கையால் நீவிவிட்டாள்.