வரவேற்பறையில் ஒரு இடிந்த மண்டபம்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, ஜேர்மனியில், வுப்பர்டாலில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் ஒரு இடிந்த மண்டபம் தொங்கியது. பொன்னிறச் சட்டத்துக்கு ஆசைப்பட்டு மாமா பழஞ்சாமான் சந்தையில் வாங்கிவந்த படம் அது. ஒல்லாந்து ஓவியர் ஒருவர் கீறிய இத்தாலிக் காட்சியின் அச்சுப்பிரதி. கூரையில்லாத தூண்கள், வளைவின்மேல் முளைத்த செடி, அந்திவெயில், கீழே மாடுகளை ஓட்டிப்போகும் ஒரு பெண்.

அம்மாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. "உடைஞ்ச வீட்டுப் படத்தை ஆராவது வீட்டுக்குள்ள கொழுவுவினமோ? அபசகுனம்!" என்று மாமாவைப் பிடிபிடியென்று பிடித்தார்.

"இது இத்தாலி, அக்கா. அங்க உடைஞ்சால் எங்களுக்கென்ன?" என்றார் மாமா.

அம்மாவின் பயத்துக்குக் காரணம் இருந்தது. எங்களோடு இருந்த சித்தியைப் பெண் பார்க்க டோர்ட்மண்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வர இருந்தார்கள். முன்பு வந்தவர்கள் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுச் சாதகத்தில் குறை சொல்லிப் போனவர்கள். இதுவும் தட்டிப்போனால் இனி ஒருவர் முன்னாலும் வந்து நிற்கமாட்டேன் என்று சித்தி சொல்லிவிட்டார்.

படத்தைக் கழற்றவும் வழியில்லை. ஆணிக்காக மாமா படத்தின் பின்னால் சுவரில் துளைத்த துளை ஒரு பூனை நுழையும் அளவுக்கு இருந்தது. ஆகவே அம்மா தமிழ்க்கடை முருகன் கலண்டரை மண்டபத்தின்மேல் தொங்கவிட்டார். மாடுகள் மட்டும் மிஞ்சின. மாடுகள் உடையவில்லைதானே, எனக்கு அது நியாயமாகவே பட்டது.

அவர்கள் வந்த அன்று, மாப்பிள்ளையின் தாயார் பலகாரத் தட்டிலிருந்து ஒரு ரோல்ஸைக் கையில் எடுத்த நேரம், மாமா யன்னலைத் திறந்தார். காற்றில் முருகன் கீழே விழுந்தார். அந்தத் தாயார் மண்டபத்தைப் பார்த்தார். ரோல்ஸைத் திரும்பத் தட்டில் வைத்தார். அம்மாவின் முகம் செத்துப்போயிற்று.

மாப்பிள்ளை எழுந்து படத்துக்குக் கிட்டப் போனார். "ஊரில எங்கட வீடும் இப்பிடித்தான் நிக்குது. சண்டையில கூரை போட்டுது."

தேநீர்த் தட்டோடு நின்ற சித்திதான் வாயைத் திறந்தார்.

"ஓம். ஆனா அந்தப் பிள்ளை அழுதுகொண்டு நிக்கேல்லை, பாருங்கோ. மாட்டைச் சாய்ச்சுக்கொண்டு தன்ர பாட்டுக்குப் போறாள்."

மாப்பிள்ளை சிரித்தார். சித்தியும் சிரித்தார். நான் படத்தை உற்றுப் பார்த்தேன். சிரிக்க அதில் ஒன்றுமே இல்லை.

தேநீரை வாயில் வைத்த பிறகுதான், பதற்றத்தில் சித்தி சீனி போட மறந்தது எல்லோருக்கும் தெரிந்தது. மாப்பிள்ளை மட்டும் ஒரே மூச்சில் குடித்து முடித்து, "இன்னும் கொஞ்சம் கிடைக்குமோ?" என்று சித்தியைப் பார்த்துக் கேட்டார்.

பாவம், இந்த வயதிலேயே சீனி சேர்க்கக்கூடாத நீரிழிவு வருத்தம் போலும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.