எடைக் கிராணி எழுதிய கடிதம்

கிள்ளானில் எண்ணெய் ஆலை வாசலுக்கு எதிரே எனக்குக் காப்பிக்கடை இருந்த காலம் அது. பந்தை ஒரு தடவைகூட உதைத்தறியாமல் பந்துப் பைத்தியம் பிடித்து அலைந்த ஒரே ஆள், எனக்குத் தெரிந்து, எடைக் கிராணி ஸ்டானிஸ்லாஸ்தான். ஆலைக்கு வரும் கொப்பரை வண்டிகளை எடை போட்டுச் சீட்டு எழுதுவது அவர் வேலை. நல்ல பருமன். நாலு எட்டு வேகமாக நடந்தாலே மூச்சு வாங்கும். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் இந்தியர் குழு படாங் என்கிற ஊர்த் திடலில் ஆட இறங்கிவிட்டால், குடையைத் தூக்கிக்கொண்டு கோட்டுக்கு வெளியே பந்து போகும் பக்கமெல்லாம் அவரும் ஓடுவார். குழு தோற்ற நாளில் அவருக்குச் சோறு இறங்காது. அவர் மனைவி கெர்ட்ரூட் என் கடைக்கு ஆள் அனுப்பி முடிவைத் தெரிந்துகொண்டுதான் உலை வைப்பார்.

முப்பத்தொன்றாம் வருஷம் ஆட்டம் தொடங்கிய மாதத்திலேயே எங்களுக்குச் சனி பிடித்தது. முதல் இரண்டு ஆட்டமும் தோல்வி. கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு தமிழ் வாரப் பத்திரிகையில் 'பந்தாடி' என்று பேர் போட்டுக்கொண்டு ஒருவன் எழுதுவான். அவன் குழுவையே கிழித்துத் தொங்கவிட்டான். நடுவில் ஆடும் அய்யாவுவைத்தான் அதிகம் குதறியிருந்தான். அய்யாவு பந்தைத் தேடிப் போவதில்லை, பந்து தன்னைத் தேடி வரட்டும் என்று மாப்பிள்ளை முறுக்கோடு நிற்கிறார், கள்ளுக்கடையிலிருந்து நேராக மைதானத்துக்கு வந்தவர் போலத் தள்ளாடுகிறார் என்று எழுதியிருந்தான்.

அய்யாவு கள்ளைத் தொடாதவன். ஆலைக் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிறவன். அவன் ஏன் தள்ளாடினான் என்பது ஆலையில் எல்லோருக்கும் தெரியும். சனிக்கிழமை பிற்பகல் அவனுக்கு வேலை நேரம். ஆட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் கூட வேலை செய்யும் பக்கிரிசாமி அவன் இடத்தில் நிற்க வேண்டும். அதற்கு ஈடாக, வெள்ளிக்கிழமை தன் வேலையை முடித்த கையோடு பக்கிரிசாமியின் ராத்திரி வேலையையும் அய்யாவு செய்துவிடுவான். பதினாறு மணி நேரம் நெருப்பு முன்னால் நின்றுவிட்டு மறுநாள் பந்தாட வருவான். சனிக்கிழமை, ஆட்களை மேய்க்கும் மண்டோர் கன்னையா ஆஜர் எடுக்கும்போது அய்யாவு பெயரைக் கூப்பிடுவார். பக்கிரிசாமி 'ஆஜர்' என்பான். மண்டோர் தலை நிமிராமல் கோடு போட்டுக்கொள்வார். ஊர் மானத்துக்காக இந்த ஆள்மாற்றம் வருஷக்கணக்கில் நடந்தது. துரைக்கு மட்டும் தெரியாது. அல்லது தெரியாத மாதிரி இருந்தார்.

பத்திரிகையைப் படித்த அன்றே கிராணியார் என் கடையில் உட்கார்ந்து பதில் எழுதினார். கோபத்தில் காகிதத்தைக் கிழித்துவிடுவாரோ என்று பயந்தேன். எடை போட்டுப் பழகிய மனுஷன், கணக்கில்லாமல் எதையும் சொல்லத் தெரியாது. எந்தத் தேதியில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை அய்யாவு கரி அள்ளினான், யாருடைய வேலையைச் செய்தான், மறுநாள் அவனுக்குப் பதில் நின்றவன் யார், இவ்வளவையும் சீட்டு எழுதுகிற மாதிரி வரிசையாக எழுதினார். பதினாறு மணி நேரம் கரி அள்ளிய கைகாலோடு 'பந்தாடி' ஒரு தரம் படாங்கைச் சுற்றி ஓடிக் காட்டட்டும் என்று முடித்து, கீழே 'உண்மை விரும்பி' என்று போட்டார். எனக்குப் படித்துக் காட்டினார். போடுங்கள் சபாஷ் என்றேன். தபால் பெட்டியில் போட்டதும் நான்தான். எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது மூளை எங்கே போயிருந்ததோ, இன்றுவரைக்கும் விளங்கவில்லை.

கடிதம் ஒரு வரி குறையாமல் அச்சில் வந்தது. கடையில் சத்தமாகப் படித்தார்கள். எழுத்து வாசனை இல்லாத அய்யாவு, கையைக் கட்டிக்கொண்டு சிரித்த முகமாகக் கேட்டான். அந்தச் சனிக்கிழமை எங்கள் குழு ஜெயித்தது. கிராணியார் கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் காப்பி வாங்கிக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை துரை அய்யாவுவையும் பக்கிரிசாமியையும் மண்டோரையும் கூப்பிட்டனுப்பினார். ஆலையின் தலைமைக் கிராணி கடிதத்தை இங்கிலீஷில் பெயர்த்து மேசைமேல் வைத்திருந்தாராம். கொப்பரை விலை படுத்துவிட்ட வருஷம் அது. ஆளைக் குறைக்கக் காரணம் தேடிக்கொண்டிருந்த இடத்தில் நாங்களே காரணத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்திருந்தோம். பொய்க் கோடு போட்ட மண்டோருக்கு அன்றைக்கே சீட்டுக் கிழிந்தது. மற்ற இருவருக்கும் துரை ஒரு வழி விட்டார். ஆலைச் சமாச்சாரத்தைப் பத்திரிகையில் போட்டவன் ஆலைக்குள் இருக்கிறவன்தான், சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குள் அவன் யாரென்று தெரிந்தால் அவன் மட்டும் வெளியே போவான், இவர்கள் இருக்கலாம். தெரியாவிட்டால் இவர்கள் போக வேண்டும்.

ஆக, கிராணியார் துரை அறைக்குள் போய் 'நான்தான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். புதன்கிழமை போனார். வாசல்படி வரைக்கும் போய், சீட்டுக்கட்டு ஒன்றை மறந்துவிட்ட மாதிரி திரும்பி வந்தார். வியாழக்கிழமை அதுவும் இல்லை. அவருக்கு ஐந்து பிள்ளைகள். ஆலை கொடுத்த வீடு. வேலை போனவர்கள் கிள்ளான் தெருவில் கூட்டம் கூட்டமாகத் திரிந்தார்கள். கிராணி வேலை தேடிக் கிடைக்காமல், என் கடையில் தட்டுக் கழுவவாவது வேலை உண்டா என்று வந்து கேட்ட பையன்களே இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை என் முன்னால் உட்கார்ந்து, "என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். நான் போகச் சொல்லவில்லை. போகாதீர்கள் என்றும் சொல்லவில்லை. காப்பியை ஆற்றிக் கொடுத்தேன். தபாலில் போட்டவன் நான் என்று தெரிந்தால் ஆலை வாசலில் என் கடை இருக்காது. அதை நினைத்துத்தான் வாயை மூடிக்கொண்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. அய்யாவுக்கும் பக்கிரிசாமிக்கும் கணக்குத் தீர்த்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் ஆட்டத்துக்கு அய்யாவு வரமாட்டான் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வந்தான். வெள்ளிக்கிழமை ராத்திரி அவன் கரி அள்ளப் போகவில்லை. கிள்ளானுக்கு வந்ததிலிருந்து ஆட்டத்துக்கு முதல் நாள் அவன் வீட்டில் படுத்துத் தூங்கியது அன்றைக்குத்தான். அவன் ஓடிய ஓட்டத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. இரண்டு கோல் போட்டான். படாங்கே எழுந்து கத்தியது. கிராணியார் குடையை ஊன்றிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார்.

அடுத்த வாரம் 'பந்தாடி' எழுதினான், தன் கண்டிப்பு நல்ல பலன் தந்துவிட்டது, சோம்பலை விட்ட அய்யாவு இந்தப் பருவம் முழுக்க இப்படியே ஆட வேண்டும் என்று. பத்திரிகையை அடுப்பில் போட்டேன்.

வேலையில்லாதவர்களைச் சர்க்கார் செலவில் ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அய்யாவு பேர் கொடுத்தான். அவன் மனைவி சீதாலெட்சுமிக்கு மூன்று மாதக் கைக்குழந்தை. அவர்கள் கப்பலேறிய நாளில் கிராணியாரும் நானும் துறைமுகத்துக்குப் போனோம். கெர்ட்ரூட் குழந்தைக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்திருந்தார். கிராணியார் அதைக் காகிதத்தில் சுற்றி, வேர்த்த கையில் பிடித்துக்கொண்டே நின்றார். வரிசை நகரத் தொடங்கியது. அய்யாவு எங்கள் பக்கம் வந்தான். அவன் குரலில் கோபம் இல்லை.

"தொரை என்கிட்ட ரெண்டு தடவ கேட்டாரு, கிராணி ஐயா. தெரியாதுன்னுட்டேன். காலையில ஆறு மணிக்கு நான் கரிச்சட்டையோட வெளிய வர்றத எதிர்க் கடையில இருந்து பாக்குறது நீங்க ரெண்டு பேருந்தானே. மணிக்கணக்கு வேற யாருக்குத் தெரியும்? யாராவது ஒருத்தர் வந்து சொல்லிருவீங்கன்னு நாலு நாளும் தொரை வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

கிராணியார் பொட்டலத்தை நீட்டினார். அய்யாவு அதை வாங்கிப் பிரித்து, குழந்தைக்குச் சரியாக இருக்குமா என்று மனைவியிடம் காட்டினான். வேண்டாம் என்று தள்ளியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். சரியாக இருக்கும் என்று அவள் சொன்னாள். இருவரும் எங்களைக் கும்பிட்டுவிட்டு வரிசையில் போனார்கள்.